மைனஸ் ஒன்று ஒற்றையா, இரட்டையா?

“சார், முதலாளியோட டிரைவர் பேசறேன். கீழ பார்க்கிங்ல நிக்கிறோம். ரெண்டு லிஃப்டும் வர மாட்டேங்குது.”

போனை எடுத்த புரோகிராமர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். லிஃப்டுகளை ஓட்டும் புரோகிராமை எழுதியவன் அவன்தான். இடது லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளுக்கு, வலது லிஃப்ட் இரட்டைப்படை மாடிகளுக்கு. காலை நெரிசல் குறையும் என்று யாரும் கேட்காமலே அவன் கொடுத்த யோசனை, இன்று காலைதான் ஓட ஆரம்பித்திருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ள யாருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவன் வேலையோ இன்னும் தற்காலிகம். நிரந்தரமாக்கும் கையெழுத்தை முதலாளி இன்றைக்குத்தான் போடுவதாக இருந்தது.

“முதலாளி என்ன சொல்றார்?”

“அவசரமில்ல, மெதுவாப் பாக்கச் சொல்லுன்னார்.”

முதலாளி ‘மெதுவா’ என்றால் என்ன அர்த்தம் என்று மாதச் சம்பளக்காரன் எவனுக்கும் தெரியும். புரோகிராமைத் திறந்தான்.

மாடி எண்ணை இரண்டால் வகு. மீதி பூஜ்யம் என்றால் இரட்டை, வலது லிஃப்ட் போகட்டும். மீதி ஒன்று என்றால் ஒற்றை, இடது லிஃப்ட் போகட்டும். பள்ளிக்கூடக் கணக்கு. இதில் என்ன தப்பு வரும்?

தப்பு தரைக்குக் கீழே இருந்தது. பார்க்கிங் தளத்தின் எண் மைனஸ் ஒன்று. அதை இரண்டால் வகுத்த கம்ப்யூட்டர், மீதியும் மைனஸ் ஒன்று என்றது. பூஜ்யமும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு லிஃப்டும் ‘எனக்கென்ன’ என்று நின்றுவிட்டன. எல்லா மாடியையும் சோதித்தவன் அந்தத் தளத்தை மட்டும் விட்டிருந்தான். முதலாளியின் காரைத் தவிர வேறு எதுவும் அங்கே போவதில்லை.

“தம்பி, அவர் இன்னுமா வரலை?”

பின்னால் முதலாளியம்மா. முன்வாசல் வழியாக அப்போதே ஏழாவது மாடிக்கு வந்துவிட்டார், கூடவே அவர் அண்ணனும். அந்த அண்ணன் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து இப்படியும் அப்படியுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணனை மேனேஜராப் போடறதைப் பத்தி இன்னைக்குக் கண்டிப்பா முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்கார்.”

“லிஃப்ட்ல சின்னப் பிரச்சினை, மேடம். படியில...”

“அவருக்கு முழங்கால் வலி. படியேற முடியாது. சீக்கிரம் சரிபண்ணு.”

முதலாளியம்மா தலைக்கு மேல் நின்றால் யாருக்கு மூளை ஓடும்? மீதி ஒன்றோ பூஜ்யமோ இல்லையென்றால் இரண்டு லிஃப்டுமே போய்த் தொலையட்டும் என்று எழுதினான். இரண்டும் போயின. ஆனால் ஒரே தளத்துக்கு இரண்டும் வந்துவிட்டால் ஒன்று மற்றதற்கு வழிவிட வேண்டும் என்றும் அவனே எழுதி வைத்திருந்தான். ‘நீ முதலில் திற’, ‘இல்லை, நீ திற’ என்று இரண்டும் கதவை மூடிக்கொண்டு மரியாதை காட்டின. மற்ற மாடிகளுக்கும் லிஃப்ட் இல்லாமல் போனது. அவன் மேஜை போன் ஓயாமல் அலறியது.

மைனஸ்தானே சனியன்? அதைக் கழற்றி எறிந்தான். மைனஸ் ஒன்று, ஒன்று ஆனது. ஒற்றை. இடது லிஃப்ட் கிளம்பியது. டிரைவரைக் கூப்பிட்டான்.

“வந்துச்சா?”

“நான் பட்டனை அமுக்குறப்பல்லாம் எங்களுக்கு மேல எங்கயோ கதவு திறந்து மூடுது சார்.”

முதல் மாடி. லிஃப்ட் ஒழுங்காக முதல் மாடிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஏழாவது மாடிக்கு ஏறியவர்களை எல்லாம் வழியில் அங்கே இறக்கி விட்டது. அவர்கள் கூட்டமாக நின்று அவன் பரம்பரையையே வைதுகொண்டிருந்தார்கள்.

“முதலாளி?”

“சீட்ல சாஞ்சு கண்ணை மூடிட்டிருக்கார்.” டிரைவர் குரலைத் தாழ்த்தினான். “உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்கிறார். பக்கத்துலயே இருக்கார் சார், அதிகம் பேச முடியாது.”

வேலை போயிற்று என்றே புரோகிராமர் முடிவுகட்டினான். வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்தான். அப்புறம்தான் உறைத்தது. மீதி பூஜ்யமா என்று மட்டும் கேட்டால் போதாதா? இல்லையென்றால் ஒற்றை, மீதி எந்தக் கழுதையாக இருந்தால் என்ன? கழற்றிய மைனஸைத் திரும்பப் போட்டு, ஒரு வரியை மாற்றினான். அதற்குத்தான் இத்தனை பாடு.

இடது லிஃப்ட் கீழே போனது. நின்றது. மேலே வந்தது. ஏழாவது மாடியில் கதவு திறந்து முதலாளி வெளியே வந்தார், பேயறைந்த முகத்தோடு.

“வாங்க, அண்ணன் எவ்வளவு நேரமாக் காத்திட்டிருக்கார் தெரியுமா?” என்று முதலாளியம்மா அவரை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது.

புரோகிராமர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முதலாளியின் பையோடு நின்ற டிரைவரிடம் மெல்லக் கேட்டான். “என்னை நிரந்தரமாக்குற கையெழுத்தைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

டிரைவர் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“லிஃப்ட் வரலைன்னதுமே, ‘இதைக் கெடுத்த புண்ணியவான் யாரோ, அவன் வேலையை இன்னைக்கே நிரந்தரமாக்கணும்’னார், இப்ப மேல வரும்போது, ‘இதைச் சரிபண்ணின பாவி யாரோ, அவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும்’கிறார், ரெண்டும் ஒரே ஆள்தான்னு சொல்லிடவா சார்?”