பிரேக் இல்லாத சைக்கிளுக்குத் தேசிக்காய்

நோபல் பார்க்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் மைத்துனர் அருந்தவன் அறிவது,

இங்கு நாங்கள் மூவரும் சுகம். சிட்னியில் நீரும் மனைவி யோகாவும் சுகமாக இருக்க மேய்ஸ் ஹில் முருகன் துணை நிற்பானாக. என் தொண்டை மட்டும் அடியோடு கட்டிக் கிடக்கிறது, ஒரு சொல் வெளியே வராது. அதனால்தான் தொலைபேசியை விட்டுக் கடிதம். வாட்ஸப்பில் எழுதினால் நீர் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவீர். கடிதமென்றால் யோகா முதலில் உடைத்துப் படிப்பார், உமக்குத் தப்ப வழியில்லை.

விஷயம் உமது மருமகள் தர்சினியின் சைக்கிள். மற்றப் பிள்ளைகளின் மாமன்மார் பிறந்தநாளுக்குக் காப்புப் போடுவார்கள், தோடு போடுவார்கள். நீர் பெரிய மனதோடு ஒரு சைக்கிள் ஃபிரேம் அனுப்பினீர். வாழ்க! பெட்டியைப் பிரித்தால் வெறும் குழாய்கள். "சைக்கிள் எங்க பிள்ளை?" என்று கேட்டேன். "அதை நான்தான் கட்டப்போறன் அப்பா" என்றாள். ஐந்து மாதம் கட்டினாள். என் கார் தெருவில் மழையில் நனைய, உமது ஃபிரேம் கராஜில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. சங்கிலிக்கு எண்ணெய் போட்டால் தூசி பிடிக்குமாம், உருக்கிய மெழுகில் ஊறவைக்க வேண்டுமாம். ஊறவைத்தாள், எங்கள் குசினியில், உமது அக்கா விமலாவின் ஸ்லோ குக்கரில். அடுத்த நாள் சாப்பிட்ட பருப்பு நாக்கில் நிற்கவேயில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பிள்ளை ஆசையாச் செய்யுது, பேசாமச் சாப்பிடுங்கோ." போன வருடம் அதே குக்கரில் நான் முட்டை அவித்ததற்கு இரண்டு நாள் என்னோடு கதைக்காத மனுசி!

ஒருவழியாகப் பூட்டி முடித்துக் காட்டினாள். வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. முன்னும் பின்னும் தேடினேன், பிரேக்கைக் காணவில்லை. மறந்துவிட்டாளாக்கும் என்று நானே ஒரு சோடி வாங்கிக்கொண்டு போனால், பூட்டுவதற்கு ஃபிரேமில் ஒரு ஓட்டைகூட இல்லை. மச்சான், நான் ஆர்? டண்டினோங்கில் பத்தொன்பது வருடமாகக் கார்களைச் சோதித்து, ஓடலாமென்று சான்றிதழ் எழுதுகிறவன். பிரேக் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் திருப்பி அனுப்புகிறவன். என் கராஜிலேயே இப்படி ஒன்று! "ஃபிக்ஸட் கியர் அப்பா. பெடலும் பின்சில்லும் ஒண்டாத்தான் சுத்தும். பந்தய ட்ராக்கில ஒருத்தருக்கும் பிரேக் இல்லை, அதுதான் சேஃப்." ஒருத்தருக்கும் இல்லாதபடியால் பாதுகாப்பாம்! இதை எங்கள் வேலைத்தளத்துச் சுவரில் எழுதி மாட்டலாமென்று இருக்கிறேன்.

பிரேக் இல்லாவிட்டால் பிள்ளையாராவது இருக்கட்டுமென்று உமது அக்கா ஒரே பிடி. எந்தப் புது வாகனமும் த பேசின் பிள்ளையார் கோயிலில் பூசை செய்யாமல் எங்கள் வீட்டில் ஓடியதில்லை அல்லவா? போனோம். ஐயர் ஹாண்டிலுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, "ஆராவது ஏறி மிதிச்சு நசியுங்கோ" என்றார். எங்கள் வீட்டில் தேசிக்காய் நசிப்பது எப்போதும் நான்தான். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். தேசிக்காய் நசிந்தது. இறங்கலாமென்று காலை நிறுத்தினேன். கால் நிற்கிறது, பெடல் நிற்கவில்லை! பெடல் என் காலைப் பிடித்துச் சுற்ற, சைக்கிள் என்னைக் கொண்டு போகிறது. கார்கள் நிற்கும் முற்றத்தை ஒரு முறை சுற்றினேன். "டோன்ட் ஸ்டாப் அப்பா! காலால மெதுமெதுவாக் குறையுங்கோ!" என்று தர்சினி பின்னால் ஓடி வருகிறாள். இரண்டாம் முறை சுற்றினேன். கும்பிட வந்திருந்த இராஜேஸ்வரி அன்ரி இது ஏதோ நேர்த்திக்கடனென்று நினைத்துக் கைகூப்பிக்கொண்டு நின்றார். மூன்றாவது சுற்றில் வேட்டி சங்கிலிக்குள் போனது. சைக்கிள் நின்றது. ஆக, அந்தச் சைக்கிளில் இதுவரை பூட்டப்பட்ட ஒரே பிரேக் என் பட்டு வேட்டிதான். உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டிருந்தது நான் செய்த புண்ணியம். இந்தப் பரிசுக்கு உமக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

வேட்டி போனால் போகட்டும். நேற்று அவளுக்கு முதல் பந்தயம். சரிவான ட்ராக், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒன்றின் சில்லோடு மற்றது உரசுகிற மாதிரி நெருங்கி ஓடுவது. "வருவீங்களா அப்பா?" என்று கேட்டாள். வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். இருப்பது ஒரே பிள்ளை. நான் சொன்னால் கேட்கமாட்டாள், மாமா சொன்னால் கேட்பாள். ஆகவே இக்கடிதம் கண்டவுடன் அவளை அழைத்து, இந்தப் பந்தயத்தை இதோடு விடச் சொல்லும். கொடுத்த கையாலேயே தடுத்து நிறுத்துவது உமது கடமை.

யோகாவுக்கு எங்கள் அன்பு. உமக்கு எல்லா நலமும், கொஞ்சம் புத்தியும் பெருக ஆசிகள்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
மகாதேவன்

பி.கு.: வரமாட்டேன் என்று சொன்னதாகத்தான் மேலே எழுதினேன். போகவில்லை என்று எங்கும் எழுதவில்லை. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாமென்று தொப்பியைக் கண்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். கடைசிச் சுற்றில் தர்சினி மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் எப்போது வேலியடிக்கு வந்தேனோ தெரியாது. "குறைக்காதை பிள்ளை, மிதி! மிதி!" என்று கத்தியது நான்தானாம், உமது அக்கா சாட்சி. ஒரு சில்லு அளவுக்கு முந்தி இரண்டாவதாக வந்தாள். இறங்கியதும் நேரே என்னிடம்தான் வந்தாள். தொண்டை போனது அங்கேதான். நீர் அவளை அழைத்தால் வாழ்த்தை மட்டும் சொல்லும். பந்தயத்தை விடு கிடு என்று ஏதாவது உளறினீரோ, பிறகு என் வீட்டுப் படி ஏறவேண்டாம்.