எலுமிச்சையின் சின்னப் பாதி

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரிக்கு மட்டும் வாயைத் திறப்பவன் பிழைத்துக்கொள்வான். நான் பேசவும் திறந்தேன்.

திண்டிவனத்தில் எனக்கு வெல்டிங் பட்டறை. அப்போதுதான் புதிதாக பெல்ட் கிரைண்டர் வாங்கியிருந்தேன். உப்புத்தாள் பட்டை விர்ரென்று ஓடும், இரும்பை வைத்தால் பொறி பறக்கத் தேயும். (அதற்கு மாலையெல்லாம் போட்டு வைத்திருந்தேன். வேறென்ன சொல்ல!)

பெண் செல்வி, ஊர் கெடார். கேசரி முடிந்ததும் அவள் அப்பா சொன்னார்: "எங்க வழக்கத்துல மாப்ள குடுக்கற கத்தியிலதான் முனி முன்னாடி எலுமிச்சம்பழம் அறுப்போம். ரெண்டு பாதியும் சமமா வுழணும்."

"கடையில எதுக்கு மாமா? நானே மிஷின்ல செஞ்சிக்கினு வர்றேன்."

"செய்ங்க. ஆனா வாயக் கட்டிக்கினு, பேசாம செய்யணும். உச்சி வேளையில கை வைக்கக் கூடாது."

"சமமா வுழலன்னா?"

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "எங்க சித்தப்பா பொண்ணுக்கு வுழல. கல்யாணத்தத் தள்ளி வச்சாங்க. அப்புறம் நடக்கவேயில்ல."

செல்வி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால்தான் பயமும் வந்தது.

அந்த வருடங்களில் கரண்ட் வந்தால்தான் வேலை. கத்தி செய்ய உட்கார்ந்த அன்று அது வந்ததே உச்சி வேளையில்தான். பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வாயில் துண்டைக் கட்டினேன். கத்தியின் விளிம்பில் நட்ட நடுவே மார்க்கரால் கோடு போட்டேன். இரண்டு பக்கச் சரிவும் அந்தக் கோட்டில் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

வலது பக்கம் வெண்ணெய் மாதிரி வந்தது. திருப்பிப் பிடித்தால் கை என் பேச்சைக் கேட்கவில்லை, இடது பக்கம் கோட்டைத் தாண்டித் தேய்ந்தது. அதைச் சரிக்கட்ட வலது. வலதைச் சரிக்கட்ட மறுபடி இடது. கத்தி சூடேறச் சூடேற வாளித் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்த்தேன். யாரோ என் முழங்கையைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுவது போலவே இருந்தது.

அப்போது சுருட்டு வாசனை வந்தது.

எங்கள் பட்டறையில் யாருக்கும் சுருட்டுப் பழக்கம் கிடையாது. திரும்பினேன். யாருமில்லை. கரண்ட் போயிற்று. பெல்ட் முனகிக்கொண்டே ஓய்ந்து நின்றது. தெருவில் நாய் கூடக் குரைக்கவில்லை. என் காதுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

இடது பக்கம் இன்னும் ஒரு இழுப்பு பாக்கி. அதை முனியே இழுத்துக்கொள்ளட்டும் என்று, கத்தியும் கையுமாக, வாய்க்கட்டோடு ரோட்டுக்கு ஓடினேன்.

"இன்னாய்யா, பல்லு வலியா?" என்றார் எதிர் டீக்கடைக்காரர். "பட்டறைக்குப் பெரியவர் வந்துக்கிறாரு, வுட்டுட்டு ஓடியார்ற? சுருட்டு புடிச்சிக்கினு உன் முதுகுக்குப் பின்னாலயே நின்னாரே. மாமனாரா?"

அதன் பிறகு அந்தக் கத்தியை நான் மிஷின் பக்கமே கொண்டு போகவில்லை.

கெடாரில், வயலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த முனி சிலைக்குக் கண்கள் தட்டு அகலம். எலுமிச்சையைக் கல்லில் வைத்து நட்ட நடுவில் அழுத்தினேன். சரிவு சரியில்லாத கத்தி நேராக இறங்குமா? பாதியில் சறுக்கி ஓரமாகப் போயிற்று. சின்னத் துண்டு என் காலடியில் உருண்டது, பெரியது செல்வியின் காலடியில்.

என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செல்வியின் அப்பா தலை குனிந்தார். படையலில் சுருட்டு இருந்தது, யாரும் பற்றவைக்கவில்லை. ஆனால் அதே வாசனை. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

செல்வி குனிந்து தன் துண்டை எடுத்தாள். "பெருசு எனக்கு, சின்னது அவருக்கு. முனியே பிரிச்சிக் குடுத்துட்டாருப்பா. அப்புறம் இன்னா?"

பூசாரி முனியைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். "நல்ல உத்தரவுதான்" என்றார் அவசரமாக. (அவருக்கும் அந்த வாசனை வந்திருக்க வேண்டும்.)

இன்றுவரை எங்கள் வீட்டில் மாம்பழமோ ஆம்லெட்டோ, எதைப் பிரித்தாலும் சின்னது எனக்கு. "அப்பா, இது முனி உனக்கு வச்சது" என்று நீட்டுவாள் மகள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

சில மத்தியானங்களில் அந்தச் சிரிப்புக்கு நடுவே சுருட்டு வாசனை வரும். அப்போது மட்டும் சின்னப் பாதியையும் செல்விக்கே கொடுத்துவிடுவேன்.