டிரஸ்ட் செய்த மொய்

“உங்கள் டிரஸ்ட் கணக்கில் கையெழுத்திட மாட்டேன். சிபாரிசுக்கு யாரும் வர வேண்டாம்.” இரண்டே வரி. மேலே தேதி, பக்கத்தில் மணி. இந்தக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருப்பது பாசத்தால் அல்ல. கோபம் ஆறிவிடக் கூடாதே என்பதற்காக.

திருக்கோகர்ணத்து ஒத்தச்சேர் ஆடிட்டரிடம் திட்டு வாங்காமல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறந்ததில்லை. அவர் அலுவலகத்தில் நாற்காலி ஒன்றுதான், அது அவருக்கு. உட்காரவைத்தால் வருகிறவர்கள் நிதானமாகப் பொய் சொல்கிறார்களாம்.

விராலிமலை அரிசி ஆலைக் கம்பெனி முதலாளி ஒருவர், வீட்டில் போட்ட போர்வெல்லைக் கம்பெனிச் செலவில் சேர்க்கலாமா என்று யோசனை கேட்டார். “ஒங்க வீட்டுக் கொழாயில அரிசியாங்க கொட்டுது?” என்று கேட்டு, ஆடிட்டர் ஆளை வாசல்வரை துரத்தினார். துரத்தியதற்கும் ஆலோசனைக் கட்டணப் பில் அனுப்பினார்.

நாங்கள் சிக்கியது மொய்யில். அரிமளம் பக்கம் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு பகல் பள்ளி நடத்துகிறோம், நான் செயலாளர். நடக்க முடியாத பிள்ளைகளைத் தாய்மார்கள் இடுப்பில் சுமந்து பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்று வேன் தரச் சம்மதித்தது. தணிக்கை செய்த கணக்கு மட்டும் கேட்டது.

கணக்கைப் புரட்டிய ஆடிட்டருக்குக் காது சிவந்தது. நன்கொடை தந்தவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் டிரஸ்ட் பணத்திலேயே மொய் செய்திருந்தோம். வாங்கியதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யாதவனை எங்கள் பக்கத்தில் மனிதனாக மதிப்பதில்லை.

துபாயிலிருந்து திரும்பிய எங்கள் தலைவர் நின்றபடியே வாதாடினார். “செய்யாம விட்டா ஊருக்குள்ள தலகாட்ட முடியுமாங்க?”

“அவங்க புள்ளைகளுக்குக் குடுத்தாங்க. நீங்க அதை எடுத்துட்டுப் போயி பந்தியில ஒக்காந்து பேரு வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றார் ஆடிட்டர்.

மறுநாள் வந்ததுதான் அந்தக் கடிதம். மீறிப் போய் நின்றேன். விருந்தோம்பல் செலவு என்று போட்டுவிடுங்கள், வேன் போய்விடும் என்று கெஞ்சினேன். மொய்ப் பணத்தைக் கமிட்டிக்காரர்கள் சொந்தக் காசில் திருப்பிக் கட்டினால்தான் கையெழுத்து, அப்போதும் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன் என்றார். கட்டினோம். எழுதினார், ஒரு காதுகுத்து விடாமல். கம்பெனி ‘யோசிக்கிறோம்’ என்றது. மழைக்காலம் முழுக்கத் தாய்மார்கள் சுமந்தார்கள். அந்த மனிதரை நான் சபிக்காத நாளில்லை.

தை பிறந்தபின் கம்பெனி அதிகாரி நேரில் வந்தார். மற்ற டிரஸ்டுகளின் அறிக்கையில் தப்பே இல்லை, உங்களுடையதில்தான் தப்பும் இருக்கிறது, திருத்தியதும் இருக்கிறது. அதனால் நம்புகிறோம் என்றார். வேன் வந்தது. எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அவர் செய்தது சரி என்று வேறு ஆகிவிட்டதே!

வேன் ஓடத் தொடங்கிய வாரம் ஆடிட்டர் வழியில் கைகாட்டி ஏறினார் என்கிறார் டிரைவர். ஒரு சிறுமி மடியில் ஏறி, பேனாவை உருவி, அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் கிறுக்கினாளாம். “இங்கிட்டும் போடு ஆத்தா” என்று கையை நீட்டிச் சிரித்தாராம்.

வண்டிப் பதிவேட்டில் அவர் ஏறியதாகப் பதிவில்லை. அவர் சிரித்தார் என்பதற்கும் டிரைவரைத் தவிர வேறு சாட்சி கிடைக்கவில்லை. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.