சோலையைச் சுற்றி வந்த செல்போன்

தினமும் இருபத்தொரு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பது என்று தை மாதம் இரண்டாம் தேதி நான் முடிவெடுத்தேன். முடிவெடுக்க வைக்கப்பட்டேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அறுபத்திரண்டு வயதில் நானாக எடுக்கும் முடிவு, மத்தியானம் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்பது மட்டும்தான். அதையும் என் மனைவி மருதாத்தாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

என் பெயர் பொங்கியண்ணன். பெருமாட்டிக்குத் தெற்கே, மலை அடிவாரத்தில் எனக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பு என்று சொல்வது பழக்கதோஷம். செவ்வண்டு விழுந்து பாதி மரங்களுக்குத் தலை இல்லை. காலையில் எழுந்ததும் அந்த மொட்டை மரங்களைப் பார்ப்பேன். சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். ஒரே மகள் செல்வப்பிரியா கல்யாணமாகிக் கோயமுத்தூர் போன பிறகு எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. யாராவது வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். சோறு இறங்கவில்லை, சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மகள் போனில் கெடு வைத்துவிட்டாள்.

"அப்பா, ரெண்டுல ஒண்ணுங்க. பங்குனி முடியறதுக்குள்ள தெனமும் சைக்கிள் ஓட்டி ஒடம்பத் தேத்திக் காட்டுங்க. இல்லீன்னா ஊட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க."

அந்த 'இங்க' என்பது நாலாவது மாடி. ஒருதரம் நாலு நாள் இருந்து பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடியில் யாருடைய லுங்கியோ காயும். மண்ணை மிதிக்க வேண்டுமென்றால் லிப்டில் இறங்கி, வாட்ச்மேனிடம் காரணம் சொல்ல வேண்டும். தலையில்லாவிட்டாலும் என் தென்னைகள் எனக்குப் போதும், அவற்றுக்கு நடுவில்தான் சாவேன் என்று சொன்னேன். அதற்கு மருதாத்தாள், சாகிற தேதியைச் சொன்னால் அரிசி அதற்குத் தகுந்த மாதிரி வாங்கலாம் என்றாள்.

மாப்பிள்ளை கியர் வைத்த சைக்கிள் ஒன்றை அனுப்பினார். மகள் என் செல்போனில் எதையோ ஏற்றிவிட்டாள். நான் போகிற வழியெல்லாம் அது வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே வருமாம். சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளும் போடுமாம். வெளியே வந்ததும் அந்தக் கோடு மகளுக்கும் போகும், மருதாத்தாளின் போனுக்கும் போகும். திருட்டுப் பட்டம் வாங்காமலேயே எனக்குக் காவல் போட்டுவிட்டார்கள்.

ஓட்டுவதற்கு இடமும் அவர்களே பார்த்து வைத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் கருமாண்டிச் சோலை. கோடாலி படாத பழங்காடு. அதைச் சுற்றி வனத்துறை மண்பாதை போட்டு, வாசலில் சங்கிலி கட்டியிருக்கிறது. கார், பைக், ஜீப் எதுவும் உள்ளே போகக் கூடாது. சைக்கிள் மட்டும்தான். சனி ஞாயிறுகளில் கொச்சியிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ஆட்கள் தலைக்கவசமும் ஒட்டிப்பிடித்த கால்சட்டையுமாக வருவார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள் சங்கிலி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், உள்ளே ஏறி அரைக் கிலோமீட்டர் மிதித்தேன். மூச்சு வாங்கியது, கால் நடுங்கியது. எதிரே ஒரு வண்டிகூட வராத அந்தப் பாதையில், இடிபடுவதற்குக்கூட ஆள் இல்லாமல், நானாகவே சாய்ந்து விழுந்தேன். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வெட்கத்தை விட்டு அழுதேன். இருபது வயதில் நெல்லு மூட்டையை ஏற்றிக்கொண்டு எலப்புள்ளி வரைக்கும் சைக்கிளில் போனவன் நான்.

அப்போது வந்தவன் ஈஸ்வரன். சோலையின் வாச்சர், வனத்துறைக் காவல்காரன். முப்பது வயது. அவன் தினமும் சோலையை ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும். ஆனால் ஆபீசில் கொடுத்த சைக்கிளுக்குப் பத்தடிக்கு ஒருதரம் செயின் கழலும். அவன் சுற்றப் போய்விட்டால், வாசலில் சங்கிலியைத் திறந்து, வருகிறவர்கள் பெயரை ரிஜிஸ்டரில் எழுத ஆள் இல்லை. அவன் குறையை அவன் சொன்னான், என் குறையை நான் சொன்னேன். அடுத்த நாளே காதும் காதும் வைத்தாற்போல் ஏற்பாடு முடிந்தது. என் சைக்கிளில் ஈஸ்வரன் போவான், அவன் சட்டைப் பையில் என் செல்போன் போகும். நான் சங்கிலியருகே அவன் ஷெட்டில் உட்கார்ந்திருப்பேன்.

மூன்று மாதம் என் கோடு சோலையைச் சுற்றியது. நான் பலகையில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதினேன். வருகிறவர்கள் பாதை எப்படி என்று கேட்பார்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஏற்றம் கடுமை, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதியுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். பன்னிரண்டாவது கிலோமீட்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கொச்சிக்காரப் பெண் ஒருத்தி, இந்த வயதில் தினமும் இவ்வளவு தூரம் போகிற உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று என்னோடு படம் பிடித்துக்கொண்டாள். நடுவில் பசித்தால் பக்கத்தில் சுருளியம்மாள் கடையில் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி.

சாயங்காலம் வீட்டில் வேறு கதை சொல்ல வேண்டும். ஈஸ்வரன் பார்த்ததையெல்லாம் கேட்டுவைத்துக்கொண்டு, நான் பார்த்ததாகச் சொல்வேன். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். தலைக்கு மேல் புஸ்ஸென்று இறக்கை சத்தத்தோடு போன இருவாச்சிப் பறவை. மருதாத்தாள் சோற்றைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள். சொல்லி முடித்த பிறகு எனக்கே துக்கமாக இருக்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதில் ஒரு மரத்தைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

பங்குனி முடிந்தது. மகள் சந்தோஷத்தில் திக்குமுக்காடினாள். எங்கப்பா மாதிரி உண்டா என்று ஆபீஸ் முழுக்க என் கோட்டைக் காட்டினாளாம். கோயமுத்தூர் வர வேண்டியதில்லை என்று தீர்ப்பும் வந்துவிட்டது. அன்றைக்கு மொட்டைத் தென்னைகள்கூட எனக்கு அழகாகத் தெரிந்தன.

மறுநாள் காலையில் பார்த்தால் மருதாத்தாள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"எங்க புள்ள பயணம்?"

"கோயமுத்தூருக்குங்க. நம்ம அம்மிணி வரச் சொல்லிக் கூப்படறா. ஆறு மாசம் இருந்துட்டு வர்றனுங்க."

"நான்?"

"உங்களுக்கென்னுங்க. உங்க ஒடம்பு ஏலாமக் கெடந்துதுன்னுதான் இத்தன நாளா நான் எங்கீமே நகரல. இப்பத்தான் தெனமும் இருவத்தொரு கிலோமீட்டர் போயிட்டு வர்றீங்களே. ஒலை வெச்சு ஒரு கைப்பிடி அரிசியப் போட்டுக்க மாட்டீங்களா?"

எனக்கு உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அதுவல்ல விஷயம். முப்பத்தாறு வருஷமாக, காலையில் கண் விழிப்பதற்கு முன்பே எனக்குக் காதில் விழுவது அவள் வசவுதான். அது இல்லாமல் ஆறு மாதம் அந்த மொட்டை மரங்களையும் என்னையும் நினைத்துப் பார்த்தேன். நாலாவது மாடிகூட அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

போட்டு உடைத்துவிட்டேன். சைக்கிள் ஓட்டியது நான் இல்லை, போனைத்தான் சுற்றவிட்டேன், அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஒருநாளும் மிதித்ததில்லை என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

மருதாத்தாள் தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். சோலையைச் சுற்றி வட்டமாக என் கோடு. வட்டத்தில் ஒரு இடத்தில் மட்டும் அது பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பியிருந்தது. எல்லா நாளும் அப்படித்தான்.

"இதென்ன எடம், தெரீமுங்களா? ஆனை உப்பு நக்க வர்ற பள்ளமுங்க. தடம் எண்ணறதுக்கு வாச்சருக மட்டுந்தான் அங்க எறங்குவாங்க. தோட்டத்துல ஒரு மாட்டக் கண்டாலே நீங்க வரப்பு மாறிப் போற ஆளு. தெனமும் ஆனைப் பள்ளத்துக்குள்ள எறங்கி அரை மணி நேரம் நின்னுட்டு வர்றீங்களாக்கும்னு நாலாம் நாளே நெனச்சனுங்க."

"நாலாம் நாளேவா? அப்பறம் ஏன் புள்ள ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுபடியும் போயி மொகட்டப் பாத்துட்டுப் படுத்துக்குவீங்க. பொய்யோ நெசமோ, மூணு மாசமா தெனமும் குளிச்சுட்டு வெளிய போனீங்க. நாலு மனுசங்கிட்டப் பேசுனீங்க. ராத்திரி வந்து எங்கிட்டயும் பேசுனீங்க. அம்மிணி போனதுக்கப்பறம் நீங்க இந்த ஊட்டுல அத்தன பேச்சுப் பேசி நான் கேட்டதில்லீங்க."

ஈஸ்வரன் காட்டிக் கொடுத்தானா என்று கேட்டேன். அவன் வாயே திறக்கவில்லையாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவும் விளக்குப் போடவும் ஆறு மாதத்துக்கு அவனைத்தான் ஏற்பாடு செய்திருக்கிறாளாம். எல்லாம் பேசி முடித்துவிட்டு, என்னிடம் கடைசியில் சொல்கிறாள்.

"மகளுக்கு இது தெரியுமா?" என்றேன்.

"நீங்க தனியா இங்க இருந்தீங்கன்னா சொல்லியாகோணுமுங்க. கூட வந்தீங்கன்னா எதுக்குச் சொல்லறேன்?"

இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுவிட்டாள். இருந்தாலும் மிரட்டலுக்குப் பயந்து போகிறவன் நான் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? நன்றாக யோசித்து நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருப்பதாகவும், அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை என்றும், அதனால் நானும் கோயமுத்தூர் வருவதாகவும் கம்பீரமாக அறிவித்தேன். சொல்லிவிட்டு என் வேட்டிகளை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். என் தட்டு காலியாக இருந்தது.

"அங்க தேடாதீங்க," என்றாள் மருதாத்தாள், பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டை அழுத்தியபடி. "உங்குளுதெல்லாம் இதுல அடியில இருக்குதுங்க. முந்தாநேத்தே மடிச்சு வெச்சுட்டேன்."