கொள்ளுத்தாத்தாவுக்கு நான் நடத்தி வைத்த கல்யாணம்

நான் பொறாமைக்காரன். இதை வெளியே சொல்லும் தைரியம் நாற்பது வயதுக்கு மேல்தான் வந்திருக்கிறது. அதிலும் சகலை மேல் வருகிற பொறாமை தனி ரகம். பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை வந்தால் வீடு மாறிப் போய்விடலாம். மாமனார் வீட்டை மாற்ற முடியுமா?

என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவருடைய கொள்ளுத்தாத்தா மொரீசியஸுக்குக் கரும்பு வெட்டப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். அந்தக் கல்யாணப் பத்திரத்தின் நகலைத் தேடி வரவழைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் அதை முசரவாக்கத்து வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே மாட்டினார். அதுவரை அந்த இடத்தில் இருந்தது எங்கள் கல்யாண போட்டோ. அது அரிசி மூட்டை அறைக்குப் போனது. என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு அண்டா பால் காய்ச்சியிருக்கலாம்.

எனக்கு மட்டும் கொள்ளுத்தாத்தா இல்லையா? திருப்புட்குழி முனுசாமி! மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய், அங்கே பச்சையம்மாவைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர். மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குள் அந்தக் கல்யாணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஃபேஸ்புக்கில் கண்ணில் பட்ட மலேசியக் குழுக்களில் எல்லாம் நுழைந்து கெஞ்சினேன். மூன்றாம் மாதம் ஒரு புண்ணியவான், தோட்டத்துக் கோயில் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்.

‘முனுசாமி, தகப்பன் கோவிந்தன், ஊர் முசரவாக்கம், காஞ்சிபுரம். மணமகள் அஞ்சலை.’ வருடம் இருந்த இடத்தைச் செல் அரித்திருந்தது.

ஊர் இடித்தது. (முசரவாக்கத்திலிருந்து திருப்புட்குழிக்குக் குடி வந்திருப்பார். மாமனார் ஊரில் எனக்கும் பாத்தியதை உண்டென்று சந்தோஷம் வேறு!) மணமகள் பெயரும் இடித்தது. (வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர். நம் பக்கம் யாருக்கு இல்லை?) பொறாமைக்காரன் கண்ணுக்கு எல்லாம் பொருந்தித்தான் தெரியும்.

நானோ ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். அறுபதாம் கல்யாணம் நடந்த ஓரிக்கை மண்டப வாசலில், மணமக்கள் படத்தைவிடப் பெரிதாக, என் வம்சம் பத்தடி உயரத்துக்கு நின்றது. உச்சியில் முசரவாக்கம் கோவிந்தன், அடுத்து முனுசாமி – அஞ்சலை, தாத்தா, அப்பா, கடைசியில் கூலிங் கிளாஸ் போட்ட நான். சகலையின் முகம் போகும் போக்கைப் பார்க்கப் பக்கத்திலேயே நின்றேன்.

முதலில் வந்தது மாமனாரின் அக்கா.

“இன்னா மாப்ள இது? கோவிந்தன் எங்க தாத்தாவாச்சே! முனுசாமி எங்க சித்தப்பா. அப்ப நீங்க எங்களுக்குப் பங்காளியா?”

விரல் விட்டு எண்ணினார். “உங்க தாத்தா எனக்கு அண்ணன் முறை. எந்தம்பி பொண்ணு உங்க அப்பாவுக்குத் தங்கச்சி. ஐயோ, உங்க பொண்டாட்டி உங்களுக்கு அத்தை முறை ஆவுதேப்பா!”

மண்டபமே வாசலுக்கு வந்துவிட்டது. கழுத்தில் மாலையோடு நின்ற மாமனார் ஒரே நொடியில் எனக்குத் தாத்தாவானார். “பங்காளி வூட்லயா பொண்ணக் குடுத்தோம்? ரெண்டு புள்ள வேற பொறந்துடுச்சே!” என்று மாமியார் நாற்காலியில் சாய்ந்தார். என் மனைவியின் கண்கள் கலங்கிவிட்டன. அதைப் பார்த்ததும் சகலையின் முகத்தைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

சகலை நிதானமாக ஃப்ளெக்ஸைப் படித்தார். “அண்ணே, உங்க கொள்ளுப்பாட்டி பேரு பச்சையம்மான்னுதானே சொல்வீங்க? இதுல அஞ்சலைன்னு இருக்குது.”

“அது வந்து, வீட்ல கூப்பிடற பேரு...”

அவர் மாமனாரின் அக்கா பக்கம் திரும்பினார். “உங்க சித்தப்பா ஊருக்குத் திரும்பி வந்தாராமா?”

“இல்லபா. மலாயா போனவருதான். ஒரு கடுதாசிகூட வரல.”

“இவரு கொள்ளுத்தாத்தா திரும்பி வந்தவரு. அப்ப முனுசாமி ரெண்டு பேரு. அண்ணன் கண்டுபுடிச்சது உங்க சித்தப்பா கல்யாணத்தை.”

அந்த அம்மாள் ஃப்ளெக்ஸில் அஞ்சலையின் பெயரை எக்கித் தடவினார். “அங்க ஒண்டியாவே செத்துருப்பாருன்னு எங்கப்பா சாவற வரைக்கும் அழுதுக்கினு இருந்தாரு. கல்யாணம் கட்டிக்கினாரா எஞ்சித்தப்பா!” என்று அழுதுகொண்டே சிரித்தார். பிறகு சகலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் கெஞ்சியவன் நான். இரண்டே கேள்வி கேட்டவருக்கு முதல் பந்தியில் முதல் இலை! பெண்டாட்டியைத் திருப்பிக் கொடுத்த மனிதர் என்ற நன்றிகூட இல்லாமல், அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டை வந்தால் மனைவி என் பெயரைச் சொல்வதில்லை. “இன்னா மருமவனே, அத்தை சொன்னா கேக்க மாட்டியா?” என்பாள். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். போன பொங்கலுக்குச் சகலை, “அண்ணே, உங்க முனுசாமி கல்யாணத்தை நான் தேடித் தரட்டுமா?” என்று அன்பாகத்தான் கேட்டார். கொள்ளுத்தாத்தா பிரம்மச்சாரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.