சர்க்கரை தூவிய தேனீப் பெட்டி

மூடி போட்ட எதைப் பார்த்தாலும் எனக்குத் திறந்து பார்த்தாக வேண்டும். துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்து சரக்கு சரிபார்ப்பது என் வேலை. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்து, ஒரு தேனீக் குடும்பத்தையே குடிபெயர வைத்த புண்ணியவான் நான்.

என் சகலை (மனைவியின் அக்கா கணவர்) உடன்குடிப் பக்கம் முருங்கைத் தோட்டத்தில் நாட்டுத் தேனீ வளர்க்கிறார். தேனீயின் ரத்தத்தை உறிஞ்சும் உண்ணியைத் தானே சமாளிக்கும் கூட்டமாகப் பார்த்துப் பார்த்துப் பிரித்து, ஐந்து வருடம் பாடுபட்டு ஒரே ஒரு கூட்டத்தைத் தேற்றியிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறார்கள் என்று, ஒரு மாதத்துக்கு அதை முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் விடச் சம்மதித்தார்.

"நாலு கால் ஸ்டாண்டு வாங்குங்க. எறும்பு ஏறாம காலுக்குக் கீழ தண்ணிக் கிண்ணம் வைங்க. பெட்டியத் தொறக்காதிய, அதுகளே பாத்துக்கிடும்" என்றார்.

ஸ்டாண்டு ஆடும் என்று நானே முடிவு செய்து, பெட்டியை ஹாலோபிளாக் கல் மேல் வைத்தேன். அந்தக் காசில் முகவலை, முழங்கை வரை கையுறை, பூதக்கண்ணாடி, உதிரும் உண்ணியை எண்ண அடியில் ஒரு இழுப்புத்தட்டு எல்லாம் வாங்கினேன். (விண்வெளிக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு சாமான் கொண்டுபோக மாட்டார்கள்.)

மூன்றாம் நாள் தட்டில் பதினோரு உண்ணிகள். கூட்டத்துக்கு நோய் முற்றிவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் தேனீ மேல் பொடித்த சர்க்கரை தூவினார். உண்ணி வழுக்கி விழுமாம். அரைக்கிலோ சர்க்கரையை மிக்சியில் அடித்து, மூடியைத் திறந்து, மொத்தத்தையும் கொட்டினேன்.

"தேனீக்குப் போய் சர்க்கரை குடுக்குதியளே" என்றாள் மனைவி.

"உனக்கு விஞ்ஞானம் தெரியாது" என்றேன்.

விஞ்ஞானம் எறும்புகளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை கல்லில் ஏறிப் பெட்டிக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அன்று ஞாயிறு. பார்த்துவிட்டுப் போக வந்த சகலை சாப்பிட உட்கார்ந்தபோது, பின்னால் குய்யென்று சத்தம். மொத்தக் கூட்டமும் வெளியேறி, வீட்டைச் சுற்றிவிட்டு, வாசலில் நின்ற அவர் ஸ்கூட்டர் கண்ணாடியில் கொத்தாகத் தொங்கியது. அவருடைய ஐந்து வருடமும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கடல் பக்கம் பறந்திருந்தால் போயே போயிருக்கும். ஓடிப்போய் மாட்டிக்கொண்ட முகவலைக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சகலை நிதானமாகக் கை கழுவினார். ஓலைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, வெறும் கையால் கொத்தை அதில் இறக்கி, துணி கட்டினார். பிறகு என் இழுப்புத்தட்டை உருவி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"நல்லாப் பாருங்க சகலை. உண்ணிக்குக் கால் இருக்கா? எல்லாம் தேனீயே கடிச்சுப் போட்டிருக்கு. இது அதுகளோட மார்க் சீட்டு. நீங்க நோயின்னு நெனச்சிட்டிய."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஓலைப்பெட்டியோடு அன்றே போய்விட்டார். அந்தக் கூட்டம் இன்று ஒன்பது பெட்டியாகப் பெருகியிருக்கிறது. தேன் வருகிறது, தேனீ மட்டும் இந்தப் பக்கம் வருவதில்லை.

மகள் இப்போது கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சாப்பிட்டாயா, ஃபேன் ஓடுகிறதா என்று ஒரே நாளில் மூன்றாவது தடவை நான் போனில் கூப்பிட்டால், "அப்பா, சர்க்கரை தூவாதிய" என்கிறாள்.

சரிம்மா என்று வைத்துவிடுகிறேன். பிறகு என் மனைவியை அவளுக்குப் போன் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.