ஓடும் நைனா ஓட்டிய கல்யாண வீடியோ

உலகத்தில் ஓடாத வீடியோ என்று ஒன்று கிடையாது என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய மனிதர் வடசென்னையில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தெரு ஓடும் நைனா. சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய ரேஷன் கார்டைத்தான் கேட்க வேண்டும். பென் டிரைவ், மெமரி கார்டு, கீறல் விழுந்த சிடி என்று எதை நீட்டினாலும், என்ன ஏது என்று பார்க்காமலே "ஓடும்" என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு திருவொற்றியூரில் கடை போட்டார். போர்டில் 'கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், ரீசார்ஜ்' என்று எழுதியிருக்கும். ஜெராக்ஸ் மெஷின் மட்டும் ஓடாது. அதைப் பற்றி யாராவது கேட்டால் நைனா தெருவைப் பார்ப்பார்.

கடைக்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள். எல்லாமே ஏதாவது ஒரு ஆபீஸ் தூக்கிப் போட்டவை. ஒன்றில் ஏவிஐ வகை ஃபைல் மட்டும் ஓடும், பக்கத்தில் இருப்பதில் எம்கேவி வகை மட்டும். மூலையில் தலைகாணி அளவுக்கு முதுகு தள்ளிய பழைய மானிட்டரோடு ஒன்று இருந்தது. போன தலைமுறை கேமராவில் எடுத்தவற்றை அதுதான் ஏற்றுக்கொள்ளும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகச் சமைக்கும் ஓரகத்திகளைப் போல, ஒன்றின் சோற்றை இன்னொன்று தொடாது.

எனக்கு எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆபீஸ் உத்தியோகம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்ற திமிரில் ஒருநாள் அவருக்குப் புத்தி சொல்லப் போனேன். எல்லா வகை ஃபைலையும் ஓட்டுகிற ஒரே பிளேயர் இலவசமாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்த ஐந்து பெட்டி?

"எல்லாத்துக்கும் தலையாட்றவன் கூட தோஸ்து வெச்சுக்காத நைனா" என்றார்.

"சரி, ஃபைலையாவது மாத்தித் தொலைக்கலாமே? கன்வெர்ட் பண்ணினா எல்லாத்துலயும் ஓடுமே?"

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "வூட்டுக்கு வந்தவன வாசல்லயே நிக்க வெச்சி, 'மூக்க கொஞ்சம் அறுத்துகினு வா, அப்பால உள்ள வுடறேன்'னு சொல்லுவியா நீ? அது எப்டி வந்துச்சோ அப்டியே ஓடணும். ஒரு புள்ளிய தொடமாட்டேன்."

இந்தக் கொள்கையில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தை யாரோ போனைத் தலைகீழாகப் பிடித்து எடுத்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் படத்தைத் திருப்புவார்கள். நைனா மானிட்டரைத் திருப்பினார். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் அது சிரசாசனம் செய்ய, மூன்று ராஜாக்களும் நேராக நடந்து வந்து குழந்தை ஏசுவைக் கும்பிட்டார்கள். நாடகம் முடிந்த பிறகு செங்கல்லை எடுக்க மறந்து, ஒரு மாசம் அந்த மானிட்டர் அப்படியே நின்றது. அதில் அரசாங்க விண்ணப்பம் நிரப்பியவர்களுக்கெல்லாம் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு முறை, அம்மன் ஊர்வல வீடியோ கன்னாபின்னா வேகத்தில் ஓடியது. சாமி தூக்கினவர்கள் திருடனைத் துரத்துகிற மாதிரி தெருவைத் தாண்டினார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் முகம் சுருங்க, நைனா அசரவில்லை. "ஓடுச்சா இல்லியா? வேகத்தப் பத்தி நான் இன்னா வாக்கு குட்த்தேன்?" என்று முடித்துவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மல்லிகா அக்காவின் குடும்ப வழக்கு வந்து சேர்ந்தது.

மல்லிகா அக்கா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவருடைய அண்ணன் ஏழுமலை, சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். அக்காவின் மூத்த மகள் கல்யாணத்தில், மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற மல்லிகா அக்கா ஊரையே 'வாங்க' என்று கூப்பிட்டுவிட்டுத் தன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஏழுமலை சொன்னார். கூப்பிட்டேன் என்று அக்கா கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை கிடையாது. எதிரெதிரே வந்தால் இருவரும் கடலைப் பார்ப்பார்கள். மூத்தவளுக்குப் பிறந்த பையன் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டான்.

இப்போது இளைய மகள் தேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேவி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்: "மாமா வந்து மால போடாம நான் மணையில குந்தமாட்டேன்." ஏழுமலையோ, "கூப்டலன்னு அவ ஒத்துக்கட்டும், வரேன்" என்றார். மல்லிகா அக்கா, "செய்யாத பாவத்த நான் ஏன் ஒத்துக்கணும்?" என்றார். பத்திரிகை அடிக்கக் கொடுக்காமல் நாள் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் யாருக்கோ கல்யாண வீடியோ ஞாபகம் வந்தது. எடிட் செய்த சிடியில் வாசல் காட்சிக்குப் பதில் ரோஜாப்பூக்கள் சுற்றிச் சுற்றி வந்தன. கேமராக்காரர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டிருந்தார். ஆனால் எடுத்தது எடுத்தபடி ஒரு பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது போனிலும் ஓடவில்லை, டிவியிலும் ஓடவில்லை. நைனாவிடம் போனது.

"ஓடும்" என்றார் நைனா.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கட்சியும் கடையில் கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் உதவாதவன் என்பதில் இரு தரப்புக்கும் ஒற்றுமை இருந்ததால், நடுநிலையாளன் ஆனேன்.

ஏவிஐ பெட்டியில் படம் அழகாக வந்தது. சத்தம் இல்லை. மூலைப் பெட்டியில் சத்தம் கணீரென்று கேட்டது. திரை கறுப்பு. மற்ற மூன்றும் கையை விரித்தன.

படத்தில் ஏழுமலை வருகிறார், மல்லிகா அக்கா வாய் அசைகிறது. "வாயி அசையிதே, தெர்ல?" என்றார் அக்கா.

"அசஞ்சா? 'வந்துட்டான் பாரு கய்தே'ன்னு கூட சொல்லிருப்ப!"

சத்தத்தைப் போட்டார்கள். கூட்ட இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல் பத்து 'வாங்க' சொன்னது. "எவனெவனுக்கோ சொல்லிகீற. அதுல என்து எது?" என்றார் ஏழுமலை. நியாயமான கேள்விதான்.

நைனா ஒரு வாரம் கேட்டார். அந்த வாரம் முழுக்கக் கடை ஷட்டர் பாதி இறங்கியே இருந்தது. உள்ளேயிருந்து மல்லிகா அக்காவின் 'வாங்க' ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே டீக்கடைக்காரர் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு. இரண்டு பெட்டிகளையும் ஒட்டிப் போட்டு, நடுவில் நைனா உட்கார்ந்திருந்தார். இடது கையில் சத்தத்தின் மவுஸ், வலது கையில் படத்தின் மவுஸ். துறைமுகத்தில் சரக்கை இறக்கும்போது கத்துவது மாதிரி "ஆரியா!" என்று ஒரு குரல் கொடுத்து அமுக்கினார்.

முதல் ஓட்டத்தில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பி, ஊதி முடித்து, எச்சில் துடைத்த பிறகு பீப்பீ என்று சத்தம் வந்தது. இரண்டாவதில் ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்து, "டேய், சாம்பார் எங்கடா?" என்று ஆம்பிளைக் குரலில் கேட்டது. ஏழுமலை எழுந்துவிட்டார்.

"குந்து ஏயுமல. பெரிய சரக்கு, பதனமாத்தான் எறங்கும்" என்றார் நைனா. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. "ஆரியா!"

திரையில் வாழைமரம் மட்டும் தெரியும்போதே, "பன்னீர் தீந்துட்ச்சிடி, வேற எட்த்தா!" என்று அக்காவின் குரல் எங்கிருந்தோ கேட்டது. பிறகு சந்தனக்கலர் சட்டையில் ஏழுமலை உள்ளே வந்தார். அக்கா யாரையோ தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அட்சர சுத்தமாகக் கேட்டது: "வாங்கண்ணா, வாங்க! அண்ணி வர்ல?"

நைனா உடனே இரண்டையும் நிறுத்திவிட்டார். "போதும், பொட்டி சூடாய்ட்ச்சி" என்றார்.

ஏழுமலை கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தனை வருஷம் கழித்து, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"அவ அன்னிக்கி ஜொரத்துல பட்துகினு இருந்தா மல்லிகா."

"இத்த அன்னிக்கே சொல்லிருந்தா நான் ரசம் குட்த்து அனுப்பிருப்பேனே ண்ணா!" என்று மல்லிகா அக்கா ஓவென்று அழுதார்.

"மோளச் சத்தத்துல கேக்கல புள்ள" என்று அவரும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "எப்பவும் 'வாண்ணா'ன்னுதான் சொல்லுவா. அன்னிக்கி மருவாதியா 'வாங்க'ன்னு சொல்லிகீறா பாரு!" என்று என்னிடம் வேறு பெருமைப்பட்டார். நான் நடுநிலை மறந்து மூக்கை உறிஞ்சினேன்.

பத்திரிகை அச்சுக்குப் போனது. வீடியோவில் ஒரு காப்பியைப் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். கை சும்மா இருக்குமா? யார்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில், எல்லாவற்றுக்கும் தலையாட்டும் அந்த இலவச பிளேயரில் போட்டேன். படமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. ஏழுமலை உள்ளே வருகிறார். அக்கா அந்தப் பக்கம் திரும்பி, "பன்னீர் தீந்துட்ச்சிடி, வேற எட்த்தா!" என்கிறார். ஏழுமலை முகம் வாடி உள்ளே போய்விடுகிறார். அவருக்குப் பின்னால், தனியாக, ஐஸ் பாக்டரி முதலாளி வருகிறார். "வாங்கண்ணா, வாங்க! அண்ணி வர்ல?"

நேரே நைனாவிடம் போனேன். "அந்த 'வாங்க' ஏழுமலைக்குச் சொன்னது இல்லையே நைனா."

நைனா தெருவைப் பார்த்தார். ஜெராக்ஸ் மெஷினைப் பற்றிக் கேட்டால் பார்க்கிற அதே பார்வை.

"வலது கை கொஞ்சம் லேட்டா அமுக்கிட்ச்சி. வயசாவுதில்ல."

"ஒரு புள்ளியத் தொடமாட்டேன்னு சொன்னீங்களே?"

"எங்க தொட்டேன்? படம் அப்டியே கீது, சத்தமும் அப்டியே கீது" என்றவர், என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பன்னீர் மட்டும் தீராம இருந்தா, அந்தப் பொண்ணு அண்ணன வாங்கன்னு சொல்லிருக்காதா நைனா?"

ஆபீஸுக்குத் திரும்பியதும் அந்தக் காப்பியை அழித்தேன்.

தேவி கல்யாணத்தில் மல்லிகா அக்கா, அண்ணனைப் பார்த்து, "வாங்கண்ணா! வாங்கண்ணி!" என்று போட்ட சத்தம் ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும். மாமன் மாலையோடு தேவி மணையில் உட்கார்ந்தாள். அந்த அமளியில் வாசலில் பன்னீர்ச் செம்பு ஆளில்லாமல் கிடந்தது.

அப்போதுதான் இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் ஓடும் நைனா தனியாக வந்தார். யாரும் கவனிக்கவில்லை. அவர் ஒரு நிமிஷம் வாழைமரத்தடியில் நின்று, உள்ளே போகலாமா என்று பார்த்தார்.

பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த நான், பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் முகத்தைப் பார்த்து, மேளத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி, "வாங்க நைனா, வாங்க!" என்றேன்.